பீடி தொடாதவருக்கும் இளைப்பு வரும்

"பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்குத்தானே அந்த நோய்?" நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி இது. மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். ஊரில் இளைப்பு, மூச்சிரைப்பு என்பார்கள். புகையிலை இந்த நோயைக் கொண்டுவரும் என்பதில் ஐயமே இல்லை. புகைக்காதவருக்கு இது வராது என்று அதிலிருந்து முடிவுகட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன். இந்த முடிவால் எத்தனையோ பெண்களும் தொழிலாளர்களும் நோயின் பெயர்கூடத் தெரியாமல் மூச்சுக்குத் திணறுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2021-இல் இந்த நோயால் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் நோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேலானோருக்குப் புகைபிடித்தல்தான் காரணம். வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் அதன் பங்கு 30 முதல் 40 சதவீதம் மட்டுமே. மேலை நாட்டு ஆண்களைப் பார்த்து எழுதிய விதியை நம் ஊர்ப் பெண்களுக்கும் பொருத்துவதில்தான் தவறு தொடங்குகிறது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைப்பழக்கமே இல்லாத 900 பெண்களைப் பரிசோதித்து 2011-இல் வெளியான ஆய்வில், 2.44 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இவர்களில் ஒருவர்கூடப் பீடியைத் தொட்டவர் இல்லை.

"விறகுப் புகை இயற்கையானது, எங்க பாட்டி அதில்தானே சமைச்சாங்க" என்பது அடுத்த வாதம். நுரையீரலுக்கு இயற்கைப் புகை, செயற்கைப் புகை என்ற பாகுபாடு கிடையாது. விறகோ, வறட்டியோ, சுள்ளியோ எரிந்தால் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். காற்றில் இந்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறை. ஜன்னல் இல்லாத சமையற்கட்டில் விறகு எரியும்போது அது பல நூறு மைக்ரோகிராம் வரை ஏறும். ஊதுகுழலோடு அடுப்பருகே குனிந்திருப்பவரின் முகத்துக்கு நேராகவே அந்தப் புகை வருகிறது. பத்து வயதில் அடுப்படிக்குப் போன பெண் ஐம்பது வயதாகும்போது நாற்பது ஆண்டுப் புகையை உள்ளே இழுத்திருப்பார். மூச்சுக்குழல்களின் உட்சுவர் வீங்கித் தடிக்கும், சளி கட்டும், மிகச் சிறிய குழல்கள் சுருங்கி அடைபடும். பாட்டிக்கும் இளைப்பு இருந்திருக்கலாம். வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டிருப்பார்கள்.

அடுப்பை மாற்றினால் நோய் குறையும் என்பதற்குச் சான்று உண்டு. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்ற பகுதியில், வீட்டுக்குள் நிலக்கரி எரித்தவர்கள் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறினார்கள். அதன்பின் ஆண்கள், பெண்கள் இருவரிடமும் இந்த நோய் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரியப் பத்தாண்டுகள் ஆயின. இங்கே 2016-இல் ஏழை வீடுகளுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் வந்தது. சிலிண்டர் வந்த பிறகும் வெந்நீர் போட, நெல் அவிக்க, அடுத்த சிலிண்டருக்குப் பணம் சேரும்வரை சமைக்க, பல வீடுகளில் விறகுதான் எரிகிறது. இணைப்புகளை மட்டும் எண்ணிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

"வேலைத்தளத் தூசியால் இருமல் வரும், நோய் வராது" என்பவர்கள் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்களின் கதையை அறிய வேண்டும். நிலக்கரித் தூசியில் உழைத்தவர்கள் மூச்சுக்குத் தவித்தபோது, பழி நெடுங்காலம் அவர்களுடைய சிகரெட் மீதே விழுந்தது. புகைக்காத தொழிலாளர்களிடமும், சுவாசித்த தூசியின் அளவுக்கு ஏற்ப மூச்சின் திறன் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. 1993-இல் அரசு, சுரங்கத்தின் அடியில் 20 ஆண்டு உழைத்தவர்களுக்கு இதைத் தொழில் நோயாக ஏற்றது. 1998-இல் உயர் நீதிமன்றம் சுரங்கங்களை நடத்திய பிரிட்டிஷ் கோல் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு கேட்டு ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மனுக்கள் குவிந்தன. அவற்றில் பல, தொழிலாளி இறந்தபின் குடும்பத்தார் கொடுத்தவை. பஞ்சுத் தூசி பறக்கும் நூற்பாலை, கல்குவாரி, கிரஷர் என்று நம் ஊரிலும் இத்தகைய இடங்கள் உண்டு. அங்கே உழைப்பவரிடம் "பீடி குடிப்பீங்களா?" என்று கேட்பதோடு மருத்துவர் நிறுத்தினால், நோய்க்கான காரணத்தின் பாதி மறைந்துபோகும்.

புகையும் தூசியும் மட்டுமே காரணம் அல்ல. காசநோய் குணமான பிறகும் நுரையீரலில் தழும்பும் அடைப்பும் தங்கிவிடலாம். குறைமாதப் பிறப்பு, சிறுவயதில் அடிக்கடி வந்த நிமோனியா, ஆஸ்துமா ஆகியவற்றால் நுரையீரல் முழு வளர்ச்சியை எட்டாமலே போவதும் உண்டு. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இளமையிலேயே மூச்சுத் திறன் குறைவாக இருந்ததைக் காட்டியது.

"எங்க தாத்தா எண்பது வயசு வரை பீடி குடிச்சார், ஒன்றும் ஆகலையே" என்பது இன்னொரு வாதம். புகைக்கும் எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. பிறவியிலேயே உடல்கள் வேறுபடுகின்றன. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் நுரையீரலின் மெல்லிய சுவர்களைச் சிதையாமல் காக்கிறது. சிலருக்கு அது பிறப்பிலேயே குறைவு என்பதை 1963-இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் கண்டறிந்தார்கள். தாத்தாவின் உடல்வாகு பேரனுக்கு வாய்த்திருக்கிறதா என்பது புகைத்துப் பார்த்து அறியும் விஷயம் அல்ல. இவ்வளவு காலம் குடித்தாயிற்று, இனி விட்டு என்ன பயன் என்று கேட்பதும் தவறு. லண்டனில் ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஃபிளெட்சரும் பீட்டோவும் 1977-இல் எழுதியது இதுதான்: இழந்த திறன் திரும்பாது, ஆனால் விட்டதும் சரிவின் வேகம் புகைக்காதவருடைய அளவுக்குத் தணிகிறது.

ஆகவே மூச்சு வாங்குகிறது, மாதக்கணக்கில் சளி நிற்கவில்லை என்று உங்கள் அம்மாவோ, மில் வேலை பார்த்த சித்தப்பாவோ சொன்னால், வயதைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் விறகடுப்பு, பார்த்த வேலை, வந்துபோன காசநோய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.