ஒரே ஒரு பல்சக்கரம் வேணும்... யார் செய்வார்?



நம் வொர்க்‌ஷாப் மூலையில் நிற்கிற மில்லிங் மெஷினைப் பார்த்து, "காயலான் கடைக்குப் போக வேண்டியதுடா இது" என்று நாம் எல்லோருமே ஒரு தடவையாவது கிண்டல் செய்திருப்போம். நானும்தான். ஆனால் போன பங்குனி மாதத்தோடு அந்தக் கிண்டல் எனக்கு நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பா தள்ளுவண்டியில் கரும்புச்சாறு பிழிந்து விற்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். வெயில் காலத்தில் வருகிற காசில்தான் என் கல்லூரிக் கட்டணம் கட்டுவோம். சரியாக வெயில் ஏறுகிற நேரத்தில் மெஷினில் ஒரு பல்சக்கரத்தின் மூன்று பற்கள் உடைந்து போயின. வாங்கின கடையில் கேட்டால், "அந்த மாடலே இப்ப வர்றதில்லை, புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டார்கள். புதுசுக்கு எங்கே போவது? வண்டி வீட்டு வாசலில் நின்றது. அப்பா என்னைப் பார்த்து, "ஏப்பா, நீ மெஷின் படிப்புத்தானே படிக்கிற?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

சக்கரத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "டிப்ளமோவா? அப்ப நீயே சொல்லு தம்பி, இது என்ன மாட்யூல்?"

பரீட்சையில் எழுதி மார்க் வாங்கின கணக்குதான். ஆனால் கையில் சக்கரத்தை வைத்துக்கொண்டு முழித்தேன். அவர்தான் வழி காட்டினார். உடைந்த இடத்தையும் சேர்த்து எண்ணினால் 32 பல். வெளிவிட்டம் வெர்னியரில் 101.5 மில்லிமீட்டர். பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, 34-ஆல் வகுத்தால் 2.985. தேய்மானத்தை நினைத்துப் பார்த்தால் அது 3 மாட்யூல். அப்படியானால் புதுச் சக்கரத்தின் விட்டம் 102. பல்லின் ஆழம் 6.75. கட்டர் நாலாம் நம்பர், அதாவது 26 முதல் 34 பல் வரைக்கும் உள்ளது.

லேத்தில் வட்டு கடைந்து, துளை போட்டு, டிவைடிங் ஹெட்டில் ஏற்றினார். கைப்பிடி 40 சுற்று சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று. 40-ஐ 32-ஆல் வகுத்தால் ஒன்றேகால். ஆக ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுற்று, அதோடு 20 ஓட்டை வட்டத்தில் ஐந்து ஓட்டை. "நீ சுத்து" என்று கைப்பிடியை என்னிடம் கொடுத்தார். நான் பின் நிற்கிற ஓட்டையையும் சேர்த்து எண்ணிவிட்டேன். ஐந்து என்று நினைத்து நான் நகர்த்தியது நாலு இடைவெளிதான்! கட்டர் தொடுவதற்குள் என் கையைத் தட்டிவிட்டார். "நிக்கிற ஓட்டையை எண்ணாதடா. ஒரு பல் தப்பினா முப்பத்திரண்டும் தப்பும்." இதை எந்த ரெக்கார்டு நோட்டிலும் நான் படம் போட்டதில்லை.

மறுநாள் அப்பாவின் வண்டி ஓடியது. செலவு, புது மெஷின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். "கம்பெனிக்காரன் சி.என்.சி.தான் கேட்கிறான், இந்தப் பழசு எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். நியாயம்தான். ஓசூர், ஒரகடம் என்று வேலை கிடைத்தால் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். என் வீட்டுக்குச் சம்பளம் வேணும். ஆயிரம் பீஸ் ஒரே மாதிரி வேணுமென்றால் சி.என்.சி.க்கு ஈடில்லை. ஆனால் ஒரே ஒரு பீஸ், அதுவும் படமே இல்லாத, உடைந்த பழைய பீஸ் வேணுமென்றால்? அளவெடுத்து, யோசித்து, கையால் டேபிளை நகர்த்துகிற ஆள்தான் வேணும். மேலூர்ப் பக்கத்து மோட்டார் ஷாஃப்ட்டின் கீ-வே, மாவு மில்லின் கப்ளிங், அலங்காநல்லூர்ப் பக்கம் வெல்ல ஆலையின் பல்சக்கரம், புதிதாக ஒருவர் யோசித்த கருவியின் முதல் மாதிரி... எல்லாம் ஒற்றைப் பீஸ் வேலைகள்தானே?

மில்லிங் மெஷினின் கதையே அப்படித்தான். ட்விஸ்ட் டிரில்லின் சுருள் பள்ளத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு ஒரு வழி தேடித்தான் அமெரிக்காவில் ஜோசப் பிரவுன் 1862-ல் யுனிவர்சல் மில்லிங் மெஷினைச் செய்தார். நம்ம ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கியது டி.வி.எஸ். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் வண்டிகள் நின்றபோது, அவர்கள் கேஸ் பிளாண்ட் செய்து வண்டி ஓட்ட வழி செய்தார்கள். கிடைக்காததைச் செய்துகொள்வது மதுரைக்குப் புதிதா என்ன?

தோழர்களே, குறை நம்மிடமும் இருக்கிறது. ஒருவன் மெஷின் ஓட்ட, பத்துப் பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறோம். அளவை அவனிடம் கேட்டு எழுதிக்கொள்கிறோம். கடைசி வருட ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, பெயின்ட் அடித்து வைக்கிறோம். அந்தக் காசு யாருடைய காசு? என்னைப் போன்றவனுக்கு அது அப்பாவின் பத்து நாள் வெயில்.

ஆகவே நம் பேரவைக்கு என் கோரிக்கை இரண்டு. சனிக்கிழமைகளில், ஆசிரியர் மேற்பார்வையில், வொர்க்‌ஷாப்பைத் திறந்து வைக்கக் கேட்போம். ஊரில் உடைந்து கிடக்கும் ஒரு பொருளைச் சரிசெய்து கொடுப்பதையே ப்ராஜெக்டாக ஏற்கக் கேட்போம். பஸ் பாஸுக்கும் கேன்டீனுக்கும் குரல் கொடுத்த நாம் இதற்கும் கொடுக்கலாமே!

அடுத்த தடவை யாராவது ஒரு உடைந்த சக்கரத்தை நீட்டி, "நீ மெஷின் படிப்புத்தானே?" என்று கேட்டால், நாம் தலை குனியக் கூடாது. "கொடுங்க, பல்லை எண்ணிப் பார்க்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்