கை தட்டினால் போதாது, கணக்குக் கேட்கவும் கற்றுக் கொடுங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் சமுதாயத்தில் முகாம்களுக்குப் பஞ்சமில்லை. ஆலயங்கள், இளைஞர் இயக்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் 'தொழில்முனைவர் முகாம்', 'தலைமைத்துவ முகாம்' என்று நடத்துகின்றன. நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசையும் நேரத்தையும் செலவழிக்கும் தொண்டர்கள். அவர்களை மனதாரப் பாராட்டிவிட்டே இதை எழுதுகிறோம்.

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கான அப்படியொரு முகாமில் அண்மையில் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தோம். காலையில் உடற்பயிற்சி. பசியாறிய பிறகு தன்முனைப்புப் பேச்சு. "உன்னால் முடியும்" என்று பேச்சாளர் முழங்க, எண்பது பிள்ளைகளும் எழுந்து நின்று "என்னால் முடியும்" என்று திருப்பி முழங்கினார்கள். பிற்பகலில் வியாபாரப் போட்டி. குழுவுக்கு 50 வெள்ளி முதல். வடை சுட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்து, வந்திருந்த பெற்றோர்களிடம் விற்க வேண்டும். அதிகப் பணம் கொண்டு வரும் குழுவுக்குக் கோப்பை.

பணம் எண்ணும் நேரத்தில் ஒரு மாணவி ஏற்பாட்டாளரிடம் கேட்டாள்: "அண்ணா, கோயில் சமையலறையில எடுத்த எண்ணெய்க்கும் பருப்புக்கும் காசு கழிக்கணும்தானே?" அவர் சிரித்தபடி சொன்ன பதில்: "அதெல்லாம் பார்க்காதம்மா. உற்சாகம்தான் முக்கியம்!"

மாலையில் பிரமுகர் வந்தார். ஒரு மணி நேரம் தாமதம். பிள்ளைகள் வரிசையில் நின்று கை தட்டி வரவேற்றார்கள். எந்தக் குழுவுக்கு உண்மையில் இலாபம், எந்தக் குழுவுக்கு நட்டம் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே கோப்பை வழங்கப்பட்டது.

வியாபாரத்தின் முதல் பாடத்தை அன்று கேட்டது அந்த மாணவிதான். விற்றுக் கிடைத்த பணம் வேறு, இலாபம் வேறு. அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லாமல் விட்டோம். இது ஒரு சின்ன விளையாட்டுதானே என்று ஒதுக்க முடியவில்லை. கணக்குக் கேட்காத சமுதாயம் என்ன விலை கொடுக்கும் என்பதை நாம் அனுபவித்தே தெரிந்துகொண்டவர்கள்.

1982 இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. இந்தியர்களின் பொருளாதார மீட்சிக்கு இதுவே வழி என்று ஊர் ஊராகச் சொல்லப்பட்டது. ஏறக்குறைய 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். திரண்ட மூலதனம் 10 கோடி வெள்ளிக்கும் மேல். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்களின் கதை தோட்டம்தோறும் உண்டு. 1990 இல் டெலிகோம்ஸ் பங்குகள் ஒரு கோடி இந்திய சமுதாயத்தின் பேரில் ஒதுக்கப்பட்டன. மைக்காவுக்கு வந்தது 10 இலட்சம்தான். மீதி 90 இலட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. விசாரணை நடந்தது, நீதிமன்றத்தில் எவரும் நிறுத்தப்படவில்லை. 2010 இல் ஒரு தனியார் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் கொடுத்து வாங்க முன்வந்தபோது, போட்ட ஒரு வெள்ளி முழுதாகத் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்று மக்கள் விற்றார்கள்.

அந்த 66,000 பேருக்கும் தன்னம்பிக்கை இல்லாமலா இருந்தது? இருந்ததால்தானே பணம் போட்டார்கள்! அவர்களுக்குச் சொல்லித் தரப்படாதது வேறு. ஆண்டுக் கணக்கறிக்கையை எப்படிப் படிப்பது, பொதுக்கூட்டத்தில் எப்படிக் கேள்வி எழுப்புவது என்று யாரும் கற்றுத் தரவில்லை. வாக்குரிமையுள்ள மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்திருப்போர் ஒன்று சேர்ந்தால் இயக்குநர்களைப் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லலாம். 1965 ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்திலும் இந்த உரிமை இருந்தது. 2016 ஆம் ஆண்டின் சட்டத்திலும் இருக்கிறது. தெரியாத உரிமை இருந்தும் இல்லாததுதான்.

நம் மக்களால் ஒன்று சேர்ந்து எதையும் நடத்த முடியாது என்று சொல்வோரும் உண்டு. தோட்டத் துண்டாடல் தலைவிரித்தாடிய 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தொடங்கித் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. கம்பெனியில் பங்குக்கு ஏற்ப வாக்கு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. இந்த வேறுபாட்டை எந்த முகாமிலாவது சொல்லித் தருகிறோமா?

"பிள்ளைகளிடம் ஏன் பழைய கசப்பைப் பேச வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். பேசாவிட்டால் வேறொரு கேடு விளைகிறது. 'உன்னால் முடியும்' என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, கதவு திறக்காதபோது தன்னையே குறை சொல்லிக் கொள்கிறது. புதிய பொருளாதாரக் கொள்கை 1971 இல் வந்தது. ஒன்பதாவது மலேசியத் திட்டத்தின்படி 2004 இல் நிறுவனப் பங்குடைமையில் இந்தியர்களின் விகிதம் 1.2 விழுக்காடு. சிறு அரசாங்கக் குத்தகை எடுக்கும் 'எஃப்' பிரிவு உரிமம் பூமிபுத்திராக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. இவையெல்லாம் நம் பிள்ளைகளின் மனப்பான்மைக் கோளாறா? பூட்டிய கதவு எது என்று தெரிந்தால்தான் அதை எதிர்த்துக் குரல் கொடுக்க முடியும். திறந்த கதவு எது என்று தெரிந்தால்தான் உள்ளே போக முடியும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

திறந்த கதவுகளும் இருக்கின்றன. 18 வயது நிறைந்தவர் ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டி ஒரு வணிகப் பெயரைப் பதிவு செய்யலாம். தெக்குன் நேஷனலில் இந்தியர்களுக்கென ஸ்பூமி கடனுதவி உண்டு. அமானா இக்தியார் 2024 இல் இந்தியப் பெண்களுக்காக 'பெண்' திட்டத்தைக் கொண்டு வந்தது. இந்த விண்ணப்பப் பாரங்களை ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பிப் பழகினால், வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு உதவும் பிள்ளைகள் எத்தனை பேர் கிடைப்பார்கள்!

நமக்கு இது புதிதும் அல்ல. பினாங்கிலும் லெபோ அம்பாங்கிலும் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள் வீட்டுப் பையன்களைப் 'பெட்டியடிப் பையன்' என்று கடையில் உட்கார வைத்துத்தான் தொழில் பழக்கினார்கள். பேரேடு எழுதி, அன்றன்றைய கணக்கை நேர் செய்யத் தெரிந்த பிறகே அடுத்த நிலை.

ஏற்பாட்டாளர்களிடம் நாம் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று: வியாபாரப் போட்டியில் அடக்கவிலையைக் கழித்து, இலாபத்தை வைத்துப் பரிசு கொடுங்கள். இரண்டு: ஒரு மாதிரிப் பொதுக்கூட்டம் நடத்துங்கள். ஐந்து மாணவர்கள் இயக்குநர்களாக மேடையில் உட்காரட்டும். மற்றவர்கள் பங்குதாரர்களாக அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கட்டும். மேடையில் பேசுவது மட்டுமே தலைமைத்துவம் ஆகாது. மேடையில் இருப்பவரை மரியாதையோடு கேள்வி கேட்பதும் தலைமைத்துவம்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். முகாமின் கடைசி நாளில் அந்த முகாமின் வரவு செலவையே பிள்ளைகள் முன் வையுங்கள். நன்கொடை எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, பேச்சாளருக்கு எவ்வளவு, மிச்சம் எங்கே என்று வெண்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஒரு முறை அப்படிப் பார்த்துவிட்ட பிள்ளை, நாளை ஆலய நிர்வாகமானாலும் சங்கமானாலும் அரசியல் கட்சியானாலும் கணக்கைக் காட்டாத தலைவனுக்குக் கை தட்டாது!