சாலைக்குச் சல்லி யார் தருவது?

நகரத்துக்குச் சாலை வேண்டும், பஸ் வேண்டும், ரயில் வேண்டும். இதிலே யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆளுங்கட்சி ஒப்புகிறது; எதிர்க்கட்சி ஒப்புகிறது; வணிகர் சங்கம் ஒப்புகிறது; மனை விற்போரும் மகிழ்ச்சியோடு ஒப்புகிறார்கள். "வேண்டும், வேண்டும்" என்று தலையாட்டிய இத்தனை பேரும், "பணம் யார் தருவது?" என்று கேட்டவுடன் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு எல்லோருடைய பார்வையும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. எங்கே? பஸ் படிக்கட்டிலே தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறானே தொழிலாளி, அவன் சட்டைப் பையிலே!

2018 ஜனவரியை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் சாதாரண பஸ்ஸின் குறைந்த கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆயிற்று. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கூச்சல் கிளம்பியதும் கட்டணத்தைச் சிறிது குறைத்தார்கள். ஏற்றியதற்குச் சொன்ன காரணம் என்ன? "போக்குவரத்துக் கழகங்களுக்கு நட்டம்!"

இந்த நட்டம் என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்ப்போம், தோழர்களே. காலை ஷிப்டுக்கு அம்பத்தூரிலே ஆலைச் சங்கு ஊதுகிறது. ஆட்கள் நேரத்துக்கு வந்துவிட்டார்கள், இயந்திரம் ஓடுகிறது, முதலாளிக்கு ஆதாயம். தியாகராய நகரிலே கூட்டம் வந்து இறங்குகிறது, கடைக்காரருக்கு ஆதாயம். பஸ் நிற்கும் முனையிலே வாடகை ஏறுகிறது. கட்டிடச் சொந்தக்காரருக்கு ஆதாயம். இத்தனை ஆதாயத்தையும் சுமந்து கொண்டுவந்து இறக்கிய பஸ்ஸுக்கு மட்டும் நட்டம்! வரவு ஒருவர் பேரேட்டிலே, செலவு இன்னொருவர் பேரேட்டிலே. கணக்கை இப்படிப் பிரித்து எழுதிவிட்டு, "கண்டக்டரே, பையை இன்னும் கொஞ்சம் நிரப்பும்" என்றால், அது எந்த ஊர் நியாயம்?

"பெண்களை இலவசமாக ஏற்றினார்கள், அதனால்தான் நட்டம்" என்று பேசுவோரும் உண்டு. சாதாரண நகர பஸ்களில் மகளிருக்குக் கட்டணமில்லை என்ற ஆணை பிறந்தது 2021 மே மாதத்தில். நட்டத்தைக் காட்டிக் கட்டணத்தை ஏற்றியது 2018-இல். பிள்ளை பிறப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே, பிள்ளை வைத்த கடன் என்று பத்திரம் எழுதலாமா? வீட்டு வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிற பெண்ணின் கையிலே மிச்சமாகும் பஸ் காசு, அவளுக்குக் கிடைத்த கூலி உயர்வு. அதிலே கை வைக்காதீர்கள்.

அப்படியானால் பணம் எங்கே இருக்கிறது? பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போய்ப் பாருங்கள். அந்தச் சாலையை ஆறு வழியாக அகலப்படுத்தினார்கள். கணினிக் கம்பெனிகள் வரிசையாக எழுந்தன. ஏக்கர் கணக்கிலே விலை பேசிய நிலத்துக்குச் சதுர அடிக் கணக்கிலே விலை பேசினார்கள். நிலத்துக்காரர் உழைத்தாரா? ஒரு கூடை மண் சுமந்தாரா? இல்லை. பொதுப் பணம் சாலை போட்டது. பக்கத்து மனை பொன்னாயிற்று. சாலைச் செலவை ஈடுகட்டச் சுங்கச் சாவடி வைத்தார்களே, அது யாரை மறித்தது? ஓடுகிற வண்டியை மறித்தது. விலை ஏறிய நிலத்தை மறிக்க ஒரு சாவடியும் இல்லை! 2021 ஆகஸ்டில் பெருங்குடி உள்ளிட்ட நான்கு இடங்களில் சுங்கம் நின்றது. ஏறிய மனை விலை நின்றதா?

இப்போது அதே சாலை வழியாக மெட்ரோ ரயில் வருகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. ஜப்பானின் கடனுதவி நிறுவனம், ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற இடங்களிலிருந்து பெருந்தொகை கடனாக வருகிறது. கடன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் கடனை வருமானம் என்று எண்ணக்கூடாது. இன்று கடன் என்றால் நாளை வரி. அந்த வரியை யார் மேல் போடுவது? டிக்கெட்டில் போட்டால் தொழிலாளி ரயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்து போவான். பொது வரியில் போட்டால், மெட்ரோவை வாழ்நாளில் மிதிக்காத இராமநாதபுரத்து உழவனும் வாங்கும் பொருளுக்கெல்லாம் சேர்த்துக் கொடுப்பான். ரயில் நிலையத்தின் வாசலிலே மாடி மேல் மாடி கட்டுகிறவர் மட்டும் புன்னகையோடு வேடிக்கை பார்ப்பார்!

ஆகவே நாம் சொல்கிறோம்: யாருக்கு ஆதாயமோ, அவர் பங்கு தரட்டும். மூவர் தரவேண்டும்.

முதலாமவர், நிலத்துக்காரர். லண்டனிலே எலிசபெத் ரயில் பாதைக்குப் பணம் சேர்க்க, 2010 ஏப்ரலில் ஒரு கூடுதல் வரி போட்டார்கள். ஆண்டு வாடகை மதிப்பு 55,000 பவுண்டுக்கு மேற்பட்ட வணிகக் கட்டிடங்களுக்கு மட்டும், பவுண்டுக்கு 2 பென்னி. சிறு கடைக்கு வரி இல்லை. 2022 மே மாதத்தில் ரயில் ஓடிற்று. இது அந்நிய நாட்டுப் புதுச் சரக்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். நகரமைப்புத் திட்டத்தால் மதிப்பு ஏறிய சொத்திடம் மேம்பாட்டுத் தொகை பெறலாம் என்று 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டமே சொன்னது.

இரண்டாமவர், முதலாளி. பிரான்சிலே 1971-இல் ஒரு சட்டம் செய்தார்கள். முதலில் பாரிஸ் வட்டாரத்திலும், பின்னர் மற்ற நகரங்களிலும், ஆட்களை வைத்து வேலை வாங்கும் நிறுவனங்கள் மொத்தச் சம்பளத் தொகைக்கு ஏற்ப ஒரு விழுக்காட்டைப் போக்குவரத்துக்குத் தரவேண்டும். இன்று 11 பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்கு அது கிடையாது. தொழிலாளியின் ஊதியத்தில் பிடித்தமும் கிடையாது. முதலாளியின் கணக்கில் எழுதப்படும் செலவு அது. ஆலைக்கு நிலக்கரி வந்தால் கூலி கொடுக்கிறார்களே, ஆள் வந்து சேருவதற்கு ஏன் கொடுக்கக்கூடாது?

மூன்றாமவர், நெரிசல் வேளையில் நகரின் நடுவிலே தனியொருவராகக் காரில் வருபவர். சிங்கப்பூர் 1975-இலேயே இவரிடம் கட்டணம் கேட்டது. லண்டன் 2003 பிப்ரவரியில் நாளுக்கு 5 பவுண்டு என்று தொடங்கிற்று. நியூயார்க் 2025 ஜனவரி 5 முதல் 9 டாலர் வாங்குகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: லண்டன் கட்டணம் வாங்கத் தொடங்கியபோது கூடுதல் பஸ்களை ஓட்டிற்று, இரு சக்கர வண்டிக்கு விலக்குத் தந்தது. பஸ்ஸை விடாமல் கட்டணம் மட்டும் வாங்கினால் அது வழிப்பறி. முன்னே பஸ், பின்னே கட்டணம். சென்னை இதைத் தொடங்குவதற்கு முன், கடைத்தெருவிலே பொது இடத்தை மணிக்கணக்கில் அடைத்து நிற்கும் காரிடம் அந்த இடத்துக்குரிய வாடகையை ஒழுங்காக வாங்கட்டும்.

மறுப்பும் சொல்வார்கள். "வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு சிறு வீடு கட்டியவர் என்ன செய்வார்?" என்பார்கள். நல்ல கேள்வி. குடியிருக்கும் சிறு வீட்டைத் தொட வேண்டாம். பெரிய வணிகக் கட்டிடத்திடம் வாங்கு. விலை ஏறட்டும் என்று பூட்டிப் போட்ட வெற்று மனையிடம் வாங்கு. கூடுதல் மாடிக்கு அனுமதி கேட்பவரிடம் வாங்கு. விற்கும்போது ஏறிய விலையிலே பங்கு வாங்கு. "வாடகைக்காரர் தலையில் கட்டிவிடுவார்களே?" என்பார்கள். ரயில் நிலையம் திறந்த அன்றே வாடகையை ஏற்றுபவர் வரிக்காகவா காத்திருக்கிறார்? விற்பனையிலும் வெற்று மனையிலும் வாங்கும் பணத்தைக் குடியிருப்பவர் தலையில் கட்ட வழியும் இல்லை.

தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைச் சொத்து வரியே சான்று. 1998-இல் சீராய்வு செய்தார்கள். 2018-இல் உயர்த்தி, 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். 2022-இல் ஒரேயடியாக உயர்த்தினார்கள். குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை. இடைப்பட்ட காலத்திலே சாலைகள் அகன்றன, 2015-இல் மெட்ரோவும் ஓடத் தொடங்கிற்று. அவற்றால் வந்த ஆதாயம் கைமாறிப் போய்விட்டது. சுமை கடைசியில் பெரியவர், சிறியவர் எல்லோர் மேலும் விழுந்தது.

இன்னும் ஒன்று. வாங்கும் பணம் தனிக் கணக்கிலே இருக்கவேண்டும். லண்டனில் நெரிசல் கட்டணத்தின் நிகர வருவாய் போக்குவரத்துக்கே என்பது சட்டம். இங்கும் சட்டம் அப்படிச் சொல்லட்டும். எந்த வட்டத்தில் எவ்வளவு வந்தது, எத்தனை பஸ் வாங்கினோம், எந்தச் சாலையைச் செப்பனிட்டோம் என்று ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். கோயில் உண்டியலைக்கூடப் பலர் முன்னிலையில்தானே திறந்து எண்ணுகிறார்கள்!

தோழர்களே, தேர்தல் வரும். "உங்கள் பகுதிக்குச் சாலை கொண்டுவருவேன், ரயில் கொண்டுவருவேன்" என்று வாக்குறுதி வரும். எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும், நம் கட்சிக்காரரே சொன்னாலும், கைதட்டும் முன் எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, சாலைக்குச் சல்லி யார் தருவது?" விடை, ஆதாயம் பெறுபவர் என்று வந்தால் கைதட்டுங்கள். விடை வராமல் உங்கள் சட்டைப் பையைப் பார்த்தாரானால், உங்கள் வாக்குச் சீட்டை அவருக்கு நினைவூட்டுங்கள்!