எந்தக் காகிதத்தோடு வீடு வருகிறார்?

பட்டாளத்தை விட்டு ஊர் திரும்புகிறவர் கையில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு காகிதம் இருக்கும். பெட்டியைவிட அந்தக் காகிதம்தான் கனமானது!

எதற்காக வேலையை விட்டார் என்று அதில் ஒரு வரி எழுதியிருக்கும். அவர் காயம்பட்டவராக இருந்தால், அந்த ஒரு வரிதான் குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்கிறது.

விருதுநகர் மாவட்டத்துக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. "ராணுவ கிராமம்" என்று பெயர் வாங்கிய பெருமாள்தேவன்பட்டி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மழை குறைந்த கரிசல் பூமி இது. படித்து முடித்த பையனுக்குப் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் ஆகியவை தெரிந்த வழிகள். பட்டாளமும் ஒரு வழி.

இரண்டு வாசல்

காயம்பட்ட சிப்பாய் வெளியே வருவதற்கு முக்கியமாக இரண்டு வாசல்கள் உண்டு.

முதல் வாசல், மருத்துவக் குழு. "இனி இவர் படைக்கு ஏற்றவர் அல்ல" என்று டாக்டர்கள் எழுதி அனுப்புவார்கள். காயம் படைப் பணியால் ஏற்பட்டது, ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று ஏற்கப்பட்டால், ஊன பென்ஷன் உண்டு. அதற்கு 15 வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது இல்லை.

இரண்டாவது வாசல், "சொந்த விருப்பத்தில் போகிறேன்" என்று தாமே எழுதிக் கொடுப்பது. சாதாரண பென்ஷன் வாங்க 15 வருஷப் பணி வேண்டும். பத்தாவது வருஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பென்ஷன் கிடையாது.

முதல் வாசல் இருக்கும்போது, காயம்பட்டவர் இரண்டாவது வாசலுக்கு ஏன் போகிறார்?

தொல்லைதான் காரணம்! முதுகு வலி வெளியே தெரியாது. முழங்கால் வலியும் தெரியாது. "நடிக்கிறான்" என்று மேலே உள்ளவர் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். கேலி வரும். கடினமான வேலை வரும். கேட்ட லீவு வராது. மனம் ஒடிந்த மனிதர், "விட்டால் போதும்" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1950-ம் ஆண்டு ராணுவச் சட்டம் சிப்பாயைக் கைவிட்டுவிடவில்லை. மேலதிகாரியால் அநீதி நேர்ந்தால் புகார் கொடுக்க 26-வது பிரிவு உரிமை தருகிறது. தம் கம்பெனி அதிகாரி மீதே புகார் என்றால், அவருக்கும் மேலே உள்ளவரிடம் கொடுக்கலாம். கீழே உள்ளவரை அடிப்பதும் கொடுமைப்படுத்துவதும் 47-வது பிரிவின்படி குற்றம். 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஆனால், புகார் கொடுத்தவர் மறுநாளும் அதே முகாமில்தான் தூங்கி எழ வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 2017 ஜனவரியில், மேலிடத்துக்குக் கடிதம் எழுதியதால் தொல்லைக்கு ஆளானதாக ஒரு லான்ஸ் நாயக் காணொளியில் பேசினார். நாடே அதைப் பார்த்தது. அப்போதைய தளபதி பிபின் ராவத், புகார்ப் பெட்டிகள் வைக்கப்படும் என்று அறிவித்தார்.

19 ஆண்டுக் காத்திருப்பு

முதல் வாசலில் வந்தவருக்கும் எல்லாம் சுலபமாக நடந்துவிடுவதில்லை. தரம்வீர் சிங் என்பவர் 1985-ல் சிக்னல் பிரிவில் சேர்ந்தார். வலிப்பு நோய், 20 சதவீத ஊனம் என்று 1994-ல் அனுப்பப்பட்டார். நோய்க்குக் காரணம் பணி அல்ல என்று பென்ஷன் மறுக்கப்பட்டது.

சுப்ரீம் கோர்ட்டு 2013 ஜூலையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது டாக்டர்கள் எந்தக் குறையும் எழுதவில்லை. பிறகு வந்த நோய் பணியால் வந்தது அல்ல என்றால், அதைக் காட்ட வேண்டியது ராணுவத்தின் பொறுப்பு என்றது. நியாயம் கிடைத்தது. ஆனால் 19 ஆண்டுகள் போய்விட்டன!

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. 2022-ல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தில் 4 ஆண்டுப் பணிக்குச் சேருகிறவர்களுக்குப் பென்ஷனே இல்லை. பணியால் ஊனம் ஏற்பட்டால், அதன் அளவைப் பொறுத்து 15, 25 அல்லது 44 லட்சம் ரூபாய் ஒரே தடவையாகத் தரப்படும். ஆகவே காயம் எப்படி ஏற்பட்டது என்ற பதிவு அவர்களுக்கும் உயிர்நாடி.

வீட்டார் செய்ய வேண்டியது

பட்டாசு ஆலையில் ஒருவருக்குக் கை வெந்துவிட்டால், சிவகாசிக்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "விபத்து என்று பதிவு செய்தார்களா?" என்பதுதான். பட்டாளத்துப் பிள்ளையிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். காய அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, கொடுத்த புகாரின் நகல் ஆகிய எல்லாம் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

விருதுநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே வழி கேட்கலாம். பென்ஷன் மறுக்கப்பட்டு, மேல்முறையீடும் தள்ளுபடியானால், சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் அங்கே போக வேண்டும்.

"மனசு வெறுத்துப் போச்சு, எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்று மகன் போனில் சொன்னால், "வந்துவிடு" என்று உடனே சொல்லத் தோன்றும். பெற்ற மனம் அப்படித்தான். ஆனால் அதற்கு முன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"வாப்பா. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்!"