"ஒருமித்த முடிவு" என்பது எத்தனை பேருடைய முடிவு?

நம் ஆய்வு வட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு வாக்கியம் கேள்விக்கு உட்படாமலே சுற்றி வருகிறது. பிளாக்செயினில் பதிவான ஆவணத்தை எவராலும் மாற்ற இயலாது. ஏனெனில் அங்கு மையம் என ஒன்றில்லை. எந்த மாற்றமும் ஒருமித்த முடிவால்தான் நிகழும். மின்னாளுகை பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இது முன்னுரையின் முதற்பத்தியாகவே நிலைபெற்றுவிட்டது. மேற்கோளும் தேவையில்லை, சான்றும் தேவையில்லை. இவ்வாக்கியம் பிழையானது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும் என்பதே என் வாதம். கணினியியலார் என் பிழைகளைத் திருத்தலாம். ஆனால் சொற்களைப் பற்றிப் பேச மொழியியல் மாணவிக்கு அவர்களுடைய அனுமதி தேவையில்லை.

சான்றைத் தொலைவில் தேடவேண்டியதில்லை. 2017-இல் மும்பையில் மேட்டிக் என்ற பெயரில் தொடங்கி, 2021-இல் பாலிகான் எனப் பெயர் மாற்றிக்கொண்ட வலையமைப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் சரிபார்ப்பாளர் ஒவ்வொருவரும் இரண்டு மென்பொருள்களை இயக்குகிறார். பரிவர்த்தனைகளைத் தொகுதிகளாக்குவது போர். சரிபார்ப்பாளர்களின் வாக்குகளைத் திரட்டி, நிகழ்ந்ததை எதீரியத்தில் முத்திரையிடுவது ஹெய்ம்டால். (இரண்டும் நார்ஸ் தொன்மப் பெயர்கள். பதிப்புகளுக்கு மட்டும் பெரும்பாலும் இந்திய ஊர்ப்பெயர்கள். இதற்குப் பின்னர் வருகிறேன்.)

2025-ஆம் ஆண்டின் பதிப்புகளை வரிசையாகப் பாருங்கள். ஜூலைத் தொடக்கத்தில் பிலாய் என்ற ஹார்ட் ஃபோர்க் ஒரு தொகுதியின் கேஸ் வரம்பை 3 கோடியிலிருந்து 4.5 கோடியாக உயர்த்தியது. ஜூலை 10 அன்று ஹெய்ம்டாலின் இரண்டாம் பதிப்பு வந்தது. பழைய டெண்டர்மின்ட் அடித்தளம் அகற்றப்பட்டு காமெட்பிஎஃப்டி அமர்த்தப்பட்டது. ஒன்றிரண்டு நிமிடங்கள் பிடித்த இறுதியுறுதி ஏறத்தாழ ஐந்து நொடியாகக் குறையும் என்றார்கள். 2020-க்குப் பின் தாங்கள் செய்த மிகச் சிக்கலான மாற்றம் இதுவே என்று அதன் நிறுவனர்களுள் ஒருவரான சந்தீப் நைல்வால் அறிவித்தார். இருபது நாள் கழித்து, ஜூலை 30 அன்று, ஒரு சரிபார்ப்பாளர் விலகியதை ஒட்டி எழுந்த பிழையால் ஹெய்ம்டால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. செப்டம்பர் 10 அன்று மற்றொரு பிழை. இறுதியுறுதி 10 முதல் 15 நிமிடம் வரை தாமதித்தது. அவசரப் பதிப்புகள் வெளியிடப்பட்டன. அக்டோபரில் ரியோ வந்தது.

பிழை நேர்ந்ததைக் குற்றமாகச் சொல்லவில்லை. மென்பொருளில் பிழை வரும். விரைந்து திருத்தியமைக்குப் பாராட்டும் உரியது. நான் கவனிப்பது அந்தத் திருத்தத்தின் விரைவையே. சில மணி நேரத்தில் ஒரு வலையமைப்பு முழுவதும் புதிய விதிக்கு மாறுகிறது என்றால், மாறச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். கேட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். மற்றவர்கள் பிறகு அறிந்துகொள்கிறார்கள். இதை மையமின்மை என்று எந்த அகராதி சொல்லும்?

2021 டிசம்பர் இன்னும் தெளிவான சான்று. ஒரு பெரும் ஓட்டையை நன்னெறி ஊடுருவலர்கள் கண்டறிந்து தெரிவித்தனர். அதனால் ஆபத்துக்கு உட்பட்டிருந்தவை 900 கோடிக்கும் மேற்பட்ட மேட்டிக் நாணயங்கள். டிசம்பர் 5 அன்று எவ்வித முன்னறிவிப்புமின்றி வலையமைப்பு ஹார்ட் ஃபோர்க் செய்யப்பட்டது. அதற்குள் 8,01,601 நாணயங்களை ஒருவர் திருடியிருந்தார். நடந்தது என்னவென்று பொதுமக்களுக்கு விளக்கப்பட்டது டிசம்பர் 29 அன்று. ஓட்டையை வெளியே சொல்லிவிட்டுத் திருத்த முடியாது என்பது உண்மை. அன்று அவர்கள் செய்தது சரியாகவும் இருக்கலாம். ஆயினும் 24 நாள்கள் காரணம் தெரியாமல் புதிய விதியின்கீழ் இருந்தவர்களின் பெயரால் அதை "ஒருமித்த முடிவு" என்று எழுதுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சொல்லுக்கு வருகிறேன். டெண்டர்மின்ட் வழிவந்த நெறிமுறைகளில் ஒரு முடிவு செல்லுபடியாக, மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்ட வாக்கு வேண்டும். யாருடைய மூன்றில் இரண்டு பங்கு? ஆட்களுடையதன்று, பணயமாக வைக்கப்பட்ட நாணயத்தினுடையது. செயலில் இருக்கக்கூடிய சரிபார்ப்பாளர் இடங்களே 105தாம். அவர்களிடையேயும் பணயம் சமமாக இல்லை. தமிழில் "ஒருமித்த" என்றால் மனம் ஒன்றுவது. ஊர்க்கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தாலும் "ஒருமனதாக" என்று எழுதக் கணக்குப்பிள்ளை தயங்குவார். பணயத்தின் எடையால் பெறப்படும் பெரும்பான்மையை அச்சொல்லால் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாகாது, விளம்பரம். "பணயப் பெரும்பான்மை" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? சிலருக்கு நிதிநல்கை குறையலாம்.

பதிப்புக் குறிப்புகளின் தொடரமைப்பையும் பாருங்கள். வரம்பு உயர்த்தப்பட்டது, நூலகம் மாற்றப்பட்டது, பழைய கட்டளை நீக்கப்பட்டது. எல்லாம் செயப்பாட்டு வினை. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொழிலுக்கு வேண்டிய கூறுகளாக எட்டினை எண்ணுகிறார். செய்பவரும், கருவியும், காலமும், யாருக்காக, எப்பயனுக்காக என்பனவும் அவற்றுள் அடக்கம். பதிப்புக் குறிப்புகளில் கருவி நுணுக்கமாக உண்டு. காலம் தொகுதி எண் அளவுக்குத் துல்லியமாக உண்டு. செய்பவர் இல்லை, யாருக்காக என்பதும் இல்லை. இவை இலக்கணப் பிழைகள் அல்ல. பொறியாளர் பொறியாளருக்கு எழுதும் குறிப்பில் அவை தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் அக்குறிப்பைச் சமூக அறிவியல் கட்டுரைக்குள் கொண்டுவருபவர் விடுபட்ட இரண்டையும் நிரப்பியாக வேண்டும். நாமோ செயப்பாட்டு வினையை அப்படியே இறக்குமதி செய்து, அதன்மேல் "மேம்படுத்தல்" என்ற சொல்லையும் ஒட்டுகிறோம். மேம்பட்டதா இல்லையா என்பதுதானே ஆய்வின் கேள்வி? விடையைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டு எதை ஆய்கிறோம்?

ரியோ இன்னும் ஆழமாகப் பேசப்பட வேண்டியது. அதற்கு முன் தொகுதிகளை உருவாக்கும் வாய்ப்பு சரிபார்ப்பாளரிடையே குறுகிய இடைவெளிகளில் சுழன்றது. 2023 ஜனவரியில் வந்த டெல்லி பதிப்பு அந்த இடைவெளியை 64 தொகுதியிலிருந்து 16 ஆகக் குறைத்தது. சுழற்சியால் நேரும் பின்மாற்றங்களைக் குறைப்பதே நோக்கம். மறு மாதமே 157 தொகுதிகள் ஒரே வீச்சில் பின்மாற்றம் அடைந்தன. ரியோ சுழற்சியையே பெருமளவு கைவிட்டது. சரிபார்ப்பாளர்கள் வாக்களித்து ஒரு சிறு குழுவைத் தேர்ந்தெடுப்பர். அக்குழுவில் ஒருவர் நீண்ட நேரம் தொகுதிகளை உருவாக்குவார். அவர் தவறினால் அடுத்தவர். பின்மாற்றம் ஒழிந்தது, வேகம் கூடியது. விலை என்ன? யாருடைய பரிவர்த்தனை எந்த வரிசையில் உள்ளே செல்லும் என்பதை ஒரு நேரத்தில் ஒருவரே முடிவு செய்கிறார்.

இங்கு ஒரு மறுப்பு எழும்; அது வலுவானது, மறைக்கமாட்டேன். அதே ரியோ, முழு நிலையையும் சேமிக்காமலே தொகுதிகளைச் சரிபார்க்கும் வழியைத் திறந்தது. எனவே சரிபார்ப்பதற்கான செலவு குறைகிறது, எளியோரும் கண்காணிக்கலாம் என்பர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்காணிப்பது வேறு, முடிவில் பங்கேற்பது வேறு. நடந்ததைச் சரிதானா என்று பார்க்கும் உரிமையை, எது நடக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையாக நம் கட்டுரைகள் மாற்றிவிடுகின்றன. மேலும் முழுக் கணுவை இயக்க இன்னும் 64 ஜிபி நினைவகமும் பல டெராபைட் எஸ்எஸ்டியும் கேட்கிறார்கள். நான் இதை எழுதும் சீத்தா கேம்ப்பில் வீட்டுமனை பெரும்பாலும் பத்துக்குப் பதினைந்து அடி. அதில் கணினிக்கு இடம் கிடைக்கலாம். அதன் மின்கட்டணத்தை யார் கட்டுவது?

எல்லா நாணய வலையமைப்பும் இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அதே அக்டோபரில் பிட்காயின் கோரின் 30-ஆம் பதிப்பு வந்தது. பரிவர்த்தனையோடு இணைத்து அனுப்பும் ஓபி ரிட்டர்ன் தரவின் இயல்பு வரம்பை 83 பைட்டிலிருந்து 1,00,000 பைட்டாக உயர்த்தியது. பலர் சினந்தனர், ஆயிரக்கணக்கான கணுக்கள் பிட்காயின் நாட்ஸ் என்ற மாற்று மென்பொருளை இயக்கின. அது கணுக்கள் எதை முன்னனுப்புகின்றன என்பது பற்றிய கொள்கை மட்டுமே, அடிப்படை விதியன்று. எதிர்ப்பாளரின் வாதங்கள் எல்லாம் எனக்கு ஏற்புடையனவும் அல்ல. எனினும் அங்கே மறுப்பு என ஒன்று இருந்தது. அதை எண்ணிப் பார்க்கவும் முடிந்தது. எளிய கணினியில் கணுவை இயக்க முடிவதால் வாய்த்த மறுப்பு அது. மறுக்க இயலாத இடத்தில் பெறப்படும் இசைவை அளப்பது எப்படி என்று நம் ஆய்வாளர்கள் எவரும் கேட்பதில்லை.

இதெல்லாம் நாணய வணிகர்களின் கவலை, நமக்கென்ன என்று சொல்வீர்களாயின், 2022-ஐ நினைவுபடுத்துகிறேன். மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம், எடப்பள்ளி உட்கோட்டத்தில் 65,000 சாதிச் சான்றிதழ்களைப் பாலிகானில் பதியும் திட்டம் அறிவிக்கப்பட்டது. லெஜிட்டாக் என்ற நிறுவனத்தின் மென்பொருள் வழியாக, சான்றிதழின் கணிதக் கைரேகை சங்கிலியில் ஏறும். கியூஆர் குறியைக் கொண்டு எவரும் போலியா மெய்யா எனப் பார்க்கலாம். போலிச் சான்றிதழ் பழங்குடியினரின் இடத்தைத் திருடுகிறது என்பது மெய்யான சிக்கல். நோக்கத்தைக் குறை கூறேன். ஆனால் இத்திட்டத்தை மாதிரியாகக் கொண்டு "நம்பகச் சிக்கல் தீர்ந்தது" என எழுதுவோர், சான்றிதழ் வேண்டி நிற்பவரின் இடத்திலிருந்து ஒருமுறையேனும் பார்த்திருக்கிறார்களா?

பார்க்கலாம். மகாராட்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இம்மாநிலத்தில் வாழ்ந்தமைக்கு ஆவணம் காட்ட வேண்டும். வேறு மாநிலத்தில் பெற்ற சாதித் தகுதி புலம்பெயர்ந்தவரோடு கூட வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் எதிர்த்தரப்பு மும்பையின் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியின் முதல்வர். 1994-இலும் 2018-இலும் அந்நிலைப்பாடு உறுதிப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறை இங்கேயே பிறந்து வளர்ந்தவர்க்கும் இதுவே விதி. சீத்தா கேம்ப்போ 1976 மே மாதத்தில் உருவானது. அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக, நெருக்கடிநிலையின்போது, ஜனதா காலனி இடிக்கப்பட்டு, அங்கிருந்த சுமார் 70,000 பேர் இந்தச் சதுப்பு நிலத்துக்கு ஏற்றிவரப்பட்டனர். அதை எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். லாரியில் ஏற்றும்போது மக்கள் அடுப்பையும் தகரத்தையும் எடுத்தார்கள். 1949-ஆம் ஆண்டு வாடகைச் சீட்டை யார் தேடியிருப்பார்? இன்று இங்குள்ள பிள்ளைகள் கல்லூரிச் சேர்க்கைக்கு நிற்கும்போது கேட்கப்படுவது அந்தச் சீட்டே.

இவர்களுக்குச் சான்றிதழ் போலியாவது சிக்கலன்று. சான்றிதழ் கிடைக்காமற் போவதே சிக்கல். அதை முடிவு செய்பவர் அலுவலர். அம்முடிவு தவறானாலும் சங்கிலியில் அதே உறுதியோடு ஏறும். திருத்த முடியாமை என்பது தவறாக மறுக்கப்பட்டவரின் கண்ணுக்கு வரமாகத் தெரியுமா? அலுவலரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு உண்டு, சாதிச் சரிபார்ப்புக் குழு உண்டு, உயர் நீதிமன்றம் உண்டு. எல்லாம் மெதுவானவை, பல நேரம் கொடுமையானவை. ஆயினும் செய்பவர் யாரென்று பெயர் உள்ளவை. கைரேகை ஏறியிருக்கும் வலையமைப்பின் விதியை மாற்றுபவரிடம் எடப்பள்ளியின் மாடியா கோண்டு இளைஞர் எங்கே முறையிடுவார்? ஒரு நாணயமும் பணயமாக வைக்காத அவருக்கு அந்த "ஒருமித்த முடிவில்" உள்ள எடை பூச்சியம்.

ஊர்ப்பெயர்களுக்கு வருகிறேன் என்றேன். பாலிகானின் சோதனை வலையமைப்புக்கு முன்பு "மும்பை" என்றே பெயர். அது சார்ந்திருந்த கோர்லி மூடப்பட்டதை ஒட்டி, 2024 ஏப்ரல் 13-உடன் மும்பையும் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் வந்தது "அமோய்", சீனத்தின் சியாமென் நகருக்கு ஹொக்கியன் வழக்கிலிருந்து ஐரோப்பியர் எடுத்துக்கொண்ட பழம்பெயர். பயனற்றுப்போன மும்பையை அணைத்துவிட்டு அடுத்ததற்கு நகருங்கள் என்ற அறிவிப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டில் பாட்டியிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. பிலாய், இந்தோர், அகமதாபாத், மதுகிரி எனப் பதிப்புகளுக்கு நம் ஊர்ப்பெயர்களை வைப்பது அழகுதான். ஆனால் பெயரைக் கொடுத்த ஊர்களுக்கு அப்பதிப்புகளில் எந்தப் பங்கும் இல்லை.

மறுப்புடையோர் கீழே எழுதுங்கள், விடையளிப்பேன். ஒரேயொரு நிபந்தனை: "ஒருமித்த முடிவு" என்று எழுதும் இடத்தில் எந்தப் பதிப்பு, எத்தனை சரிபார்ப்பாளர், எவ்வளவு பணயம் என்ற மூன்று எண்களையும் சேர்த்து எழுதுங்கள். இப்பருவத்தில் ஆய்வேடு அளிக்கவிருக்கும் நண்பர்களிடமும் அவர்தம் நெறியாளர்களிடமும் என் வேண்டுகோள் இதுவே.