பிடித்த சப்ஜெக்ட் என்ற பொய்

புகைப்படக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் கேமரா பற்றிப் பேசுவார்கள், அடுத்து லென்ஸ் விலை. மூன்றாவதாக இந்தக் கேள்வி வந்தே தீரும்: "உங்களுக்குப் புடிச்ச சப்ஜெக்ட் எதுங்க?" சேலத்திலும் நாமக்கல்லிலும் பதினைந்து வருடமாக இதற்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன், மற்றவர்களைக் கேட்டும் இருக்கிறேன். பதில்கள் அச்சடித்து வைத்த மாதிரி இருக்கும். ஒருவர் போர்ட்ரெய்ட் என்பார். போர்ட்ரெய்ட் என்றால் எழுபது தாண்டிய, முகமெல்லாம் சுருக்கம் விழுந்த கிழவனோ கிழவியோ என்று பொருள். இன்னொருவர் ஸ்ட்ரீட் என்பார். விசாரித்தால் மாரியம்மன் பண்டிகை, தீமிதி, மஞ்சள் தண்ணி என்று வரும். மூன்றாமவர் பறவை. நாலாமவர் 'லைஃப்' என்பார். அவரிடம் அதற்குமேல் எதுவும் கேட்கக் கூடாது.

இதில் எதையுமே நாம் பிடித்து எடுக்கவில்லை, எடுக்க எடுக்கப் பிடித்துப்போனது என்று நம்பிக்கொள்கிறோம். இதுதான் என் கட்சி. இந்தக் கேள்வி ஏதோ மனசின் ஆழத்திலிருந்து பதில் வருகிற மாதிரி கேட்கப்படுகிறது. பதில் வருவதோ போட்டிக்கான விண்ணப்பப் படிவத்திலிருந்து.

எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஃபியாப் என்று ஒரு சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு இருக்கிறது. அதன் ஆதரவில் நடக்கும் சலோன்களில் படம் தேர்வானால் அது ஒரு 'அக்செப்டன்ஸ்'. இத்தனை நாடுகளில் இத்தனை அக்செப்டன்ஸ் என்று சேர்ந்தால் ஏஎஃப்ஐஏபி, இன்னும் சேர்ந்தால் இஎஃப்ஐஏபி என்று பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு சலோனுக்கும் நுழைவுக் கட்டணம் தனி. நடுவர் ஒரு படத்தைச் சில வினாடிகள் பார்ப்பார். அந்தச் சில வினாடிக்குள் தைக்கிற படம் எது? கறுப்பு வெள்ளையில் ஒரு கிழட்டு முகம். ஜன்னல் வெளிச்சத்தில் தறி. வெள்ளைத் தரையில் சிவப்புச் சேலை. அப்புறம் எல்லாரும் அதையே எடுக்கிறோம். எடுத்துவிட்டு, "எனக்கு இந்த சப்ஜெக்ட்னா உசுருங்க" என்கிறோம்.

வெள்ளைத் தரை என்று சொன்னது சேகோ ஃபேக்டரியின் களத்தைத்தான். ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் குச்சிக்கிழங்கு வெட்டு தொடங்கியதும் புகைப்படக்காரர்களின் சீசனும் தொடங்கிவிடும். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டிகளில் தெளியவிட்டு, மாவெடுத்து, உருட்டி, வறுத்து, சிமெண்ட் களத்தில் காயப்போடுவார்கள். ஏக்கர் கணக்கில் வெள்ளை வெளேரென்று கிடக்கும். நடுவே வண்ணச் சேலை கட்டிய பெண்கள் பலகை வைத்துத் தள்ளிக் கிளறிக்கொண்டிருப்பார்கள். இப்போது ட்ரோன் வேறு வந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் கோலம் போட்ட மாதிரி அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

நாங்கள் ஏழு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனோம். முதலாளியிடம் அனுமதி வாங்கியிருந்தோம். அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி ஒரு சத்தம் போட்டார், அவர்கள் எங்களுக்கு வாகாக வரிசையில் நடந்தார்கள். ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு மூட்டை கட்டினோம். அதற்குமேல் வெயில் 'ஹார்ஷ்'. நாங்கள் கேமராவைப் பையில் வைக்கும்போது ஒரு அக்கா கேட்டார்: "ஏங் கண்ணு, அதுக்குள்ளயே கெளம்பிட்டீங்க? எங்களுக்கு இனிமேத்தான வேலை."

கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் அதைவிடச் சரியான விமர்சனத்தை எந்த நடுவரும் எழுதியதில்லை. மாவு காய்வதே உச்சி வெயிலில். வெள்ளைத் தரை திருப்பியடிக்கும் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர்கள் நிற்கும் மத்தியான நேரத்தை எங்கள் கலை 'மோசமான வெளிச்சம்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அதோடு சேர்ந்து புளித்த நாற்றமும், தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியும், கூலியும், எல்லாமே ஒதுங்கிவிடுகின்றன. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. களத்தை மேலிருந்து எடுத்த படங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தக் களத்தில் ஒரு பெண்ணின் ஒரு முழு நாள் எப்படிப் போகிறது என்று காட்டும் படத்தொடர் ஒன்றை யாராவது எனக்குக் காட்டுங்கள், என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பறவைக்காரர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பிஎஸ்ஏ அமைப்பு வகுத்த இயற்கைப் படத்துக்கான விதி உலகம் முழுக்கப் போட்டிகளில் செல்லும். படத்தில் மனிதத் தடயம் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம், சில விலக்குகள் உண்டு. இந்த விதியோடு சேலம் மூக்கனேரிக்கு வாருங்கள். பியூஷ் மானுஷும் சேலம் மக்கள் குழுவும் தூர்வாரி, மண்ணைக் குவித்து, திட்டுக்கள் அமைத்து, மரம் நட்டு மீட்ட ஏரி அது. இன்று கொக்கும் நாரையும் உட்காரும் திட்டே மனிதர்கள் கொட்டிய மண். நம் ஆள் ஆயிரக்கணக்கில் ஷட்டரை அழுத்தி, கரையிலிருக்கும் வீடு தெரியாமல், மிதக்கும் பிளாஸ்டிக் தெரியாமல், பின்னணியைப் பச்சையாகக் கரைத்து ஒரு நாரையை எடுத்து வருவார். மனிதத் தடயமே இல்லாத படம்! அந்த ஏரியின் முழுக்கதையையும் வெட்டி எறிந்தால்தான் அது இயற்கை.

இது புது வியாதி கிடையாது. இந்தப் பக்கத்தின் மிகப் பழைய புகைப்படங்களில் சில லின்னேயஸ் ட்ரைப் எடுத்தவை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன், சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். மெழுகு தோய்த்த பெரிய காகித நெகட்டிவ்களோடு மாகாணத்தைச் சுற்றியவர். 1858ல் சென்னையில் வெளியான அவருடைய தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு இடங்களையும் பற்றியது. ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டம், அன்று சேலம். 1791ல் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. வென்றவன் தான் வென்ற கோட்டையைப் படமெடுத்தான், அவ்வளவுதான். ட்ரைப்பின் திறமை பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவரிடம் யாரும் பிடித்த சப்ஜெக்ட் எது என்று கேட்டிருக்க மாட்டார்கள். பழங்கட்டடங்களைப் பதிவு செய் என்று அரசு சொன்னது, செய்தார். சம்பளம் வாங்கினார். அவர் வேலையில் ஒரு நேர்மை இருந்தது. நாம் கட்டணமும் கட்டி, உத்தரவும் வாங்கி, அதற்கு 'என் ரசனை' என்று பேர் வைத்திருக்கிறோம்.

மேட்டூரைப் பற்றி நீட்ட வேண்டாம். அணை வற்றினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். உடனே கார்கள் கிளம்பிவிடும். 2024ல் வழக்கமான ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்க முடியவில்லை. நந்திக்கோ அந்த வருடம் நல்ல வசூல். அதே வற்றிய மண்ணில் சோளமும் கடலையும் போடுகிறவர்கள், பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், நந்தியின் காம்போசிஷனில் குறுக்கே வந்தால் "கொஞ்சம் தள்ளுங்கண்ணா" என்று சொல்லி நகர்த்தப்பட்டார்கள். சொன்னவன் நான்.

கலைஞனுக்குச் சுதந்திரம் உண்டு, எதை எடுப்பது என்று சொல்ல நீ யார் என்று கேட்பார்கள். சரியான கேள்வி. நான் யாரையும் தடுக்கவில்லை. சுதந்திரம் என்றால் ஏழு பேர் ஏழு படம் கொண்டுவர வேண்டும். நாங்கள் ஏழு பேரும் ஒரே படத்தோடு திரும்பினோம். சேலை நிறம்தான் வேறு. இன்னொரு வாதம், "அவங்களே சந்தோசமா போஸ் குடுத்தாங்க" என்பது. முதலாளி களத்தில் நிற்கும்போது யார்தான் கொடுக்க மாட்டார்கள்?

எழுத்தில் இந்தப் பக்கத்துக்கு இப்படி நேரவில்லை. திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் 'நிழல்முற்றம்' எழுதியபோது எடுத்துக்கொண்டது சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்களை. அர்த்தநாரீசுவரர் மலை கண்ணுக்கெதிரே நிற்க, அவர் கொட்டகைக்குள் பார்த்தார். பிறகு மலைக்கும் வந்தார், அது வேறு கதை. கேமராக்காரர்களிலும் அப்படி ஒருவரைக் காட்ட முடியும். எம். பழனிகுமார் மதுரைக்காரர். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழிச் சாவுகளையும் அந்தக் குடும்பங்களையும் வருடக்கணக்கில் தொடர்ந்து எடுத்தவர். மீன் விற்ற தன் அம்மாவையும் எடுத்தார். அவர் படத்திலும் வயதானவர்கள் உண்டு, கறுப்பு வெள்ளை உண்டு. ஆனால் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார். படத்தில் இருப்பவர்களுக்கு அவர் யாரென்று தெரியும். வித்தியாசம் அங்கேதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது வெறும் பிரசங்கம். அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர். எண்பதை நெருங்கிய வயது. அவர் வீட்டுக்கு இரண்டு காலை போனேன். பாவில் ஓடும் விரல்கள், நரம்பு புடைத்த புறங்கை, மேலே பாதி இருட்டில் ஒரு முகம். அந்தப் படம் எனக்கு ஒரு பதக்கமும் மூன்று அக்செப்டன்ஸும் வாங்கித் தந்தது. அவருக்குப் பிரிண்ட் தருவதாகச் சொல்லியிருந்தேன். தரவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் மகன் எப்படியோ என் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டார். "அப்பா தவறிட்டாருங்க. நீங்க நெறைய போட்டோ எடுத்தீங்களே, கருமாதிக்கு மாட்ட ஒண்ணு வேணும்."

அன்றிரவு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். நூற்றுப் பதினெட்டுப் படம். கை அறுபதுக்கு மேல். முதுகு, காது, கண்ணாடியின் ஒரு சில்லு, புகை மாதிரி நூல். முழு முகம், நேராகப் பார்த்து, சட்டை போட்டு, ஒன்றுகூட இல்லை. பதக்கம் வாங்கிய படத்தையே அனுப்பினேன். "மூஞ்சி தெரியலீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடைசியில் ரேஷன் கார்டு படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெரியவர் எனக்குப் 'பிடித்த சப்ஜெக்ட்'.

இவ்வளவு பேசுகிறவன் எதை எடுக்கிறான் என்று கேட்கலாம். இந்தச் சமவெளியை இன்று இப்படி ஆக்கிய பொருள்கள் என்னென்ன? லாரி, முட்டை, விசைத்தறி, ரிக். வெறும் சேஸியாக வந்து நிற்கும் லாரிக்கு நாமக்கல்லில் ஆசாரியும் வெல்டரும் பெயிண்டரும் சேர்ந்து உடம்பு கட்டுகிறார்கள். முட்டை விலை தினமும் பேப்பரில் வருகிறது, அதை இட்ட கோழியின் கூண்டுக்குள் கேமரா போனதில்லை. கிருமி பயத்தில் பண்ணையாளர்கள் விடமாட்டார்கள் என்பதும் உண்மை, ஆனால் கேட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? ஜெர்மனியில் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் என்ற தம்பதி 1959ல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் சுரங்கக் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, ஊதுலை என்றே எடுத்தார்கள். மேகம் மூடிய வானம், நேர்கோணம், ஆர்ப்பாட்டம் கிடையாது. அந்த ஆலைகள் பல இன்று இல்லை, படங்கள் இருக்கின்றன. நம் ஊர் சேகோ ஆலைப் புகைபோக்கிக்கு அந்த மரியாதை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நான் ரிக்கை எடுத்துக்கொண்டேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை, ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கின்றன. ஊரையே வாழவைத்த தொழில். ஊர்த் தண்ணீரைப் பாதாளத்துக்குத் தள்ளியதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆரம்பத்தில் நானும் பழைய புத்தியில்தான் இருந்தேன். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். நல்ல படங்கள். எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டேன்.

போன சித்திரையில் சொந்தக்காரர் ஒருவர் காட்டில் போர் போட்டார்கள். சாயங்காலம் ரிக் வண்டியும் கம்ப்ரஸர் வண்டியும் வந்து சேர்ந்தன. பையன்கள் வடநாட்டுக்காரர்கள், இந்தியில் ஏதோ கத்திக்கொண்டே வேலை செய்தார்கள். ஒரு ராடு இருபது அடி. அடிக்கு இவ்வளவு என்று காசு. ராடு இறங்க இறங்க சித்தப்பா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அறுநூறு அடியில் ஈரம் காட்டியது, எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்புறம் மறுபடி புழுதி. எண்ணூறில் சித்தி வீட்டுக்குள் போய்விட்டார். நிறுத்தலாமா என்று டிரில்லர் கேட்க, "இன்னும் ரெண்டு ராடு வுடுப்பா" என்றார் சித்தப்பா. இதையே நாலு முறை சொன்னார். இரவு இரண்டு மணிக்கு ஃபோகஸ் விளக்கு வெளிச்சத்தில் எல்லார் தலையும் வெள்ளையாக இருந்தது. வெளிச்சம் படு மோசம், படமெல்லாம் நாய்ஸ். எந்த சலோனும் சீந்தாது.

காலையில் மெமரி கார்டைப் பார்த்துவிட்டு, சித்தப்பாவிடம் காட்டி, இதில் எதை வைத்துக்கொள்ளட்டும், எதை அழிக்கட்டும் என்று கேட்டேன். சித்தி கண்ணைத் துடைக்கிற படத்தை அழிக்கச் சொன்னார். அழித்தேன். ராடு எண்ணுகிற தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இதை வச்சுக்க. தண்ணி வந்திருந்தா சிரிச்சாப்ல இருந்திருக்கும்" என்றார்.

இதுவரை பதினோரு இடத்துக்குப் போயிருக்கிறேன். ஏழில் தண்ணீர் வந்தது. பன்னிரண்டாவது மல்லசமுத்திரம் பக்கம், வரும் வெள்ளிக்கிழமை. போனதும் முதல் வேலையாக அந்த வடநாட்டுப் பையன்களின் முழு முகம் தெரிகிற மாதிரி ஆளுக்கொரு படம் எடுத்து அவரவர் போனுக்கு அனுப்ப வேண்டும், மூன்று தடவையாக மறந்துவிட்டேன்.