தெரு யாருடையது? – எங்க ஊர்ப் பக்கத்து நல்லிணக்கம் பத்தி கொஞ்சம்

பெரம்பலூர்னு சொன்னா வெளியூர் நண்பர்கள்ல பாதிப்பேர், "ஓ, திருச்சி போற வழியில டீ குடிக்க பஸ் நிறுத்துவானே, அந்த ஊரா?"ன்னு கேப்பாங்க. அரியலூர்னா கொஞ்சம் வயசானவங்களுக்கு 1956 ரயில் விபத்தும் அதுக்காக ராஜினாமா செஞ்ச லால் பகதூர் சாஸ்திரியும் ஞாபகம் வரும். மத்தவங்களுக்கு சிமெண்ட். இந்த ரெண்டும் தனித்தனி மாவட்டமான்னு எங்களுக்கே குழப்பம் வர்ற மாதிரி ஆட்சியாளர்கள் விளையாடியிருக்காங்க. 1995ல திருச்சியை உடைச்சு பெரம்பலூர் மாவட்டம் வந்துச்சு. 2001ல அதுலேர்ந்து அரியலூரைப் பிரிச்சாங்க, 2002ல திரும்ப ஒட்டினாங்க, 2007ல மறுபடி பிரிச்சாங்க. போர்டு எழுதற பெயிண்டர்களுக்கு மட்டும் நல்ல காலம் :-)

சரி, விஷயத்துக்கு வரேன். எங்க பக்கத்தைப் பத்தி யாராவது எழுதினா ஒண்ணு சோழர் பெருமை, இல்லைன்னா கடலா இருந்த காலத்துப் புதைபடிவம், அதுவும் இல்லைன்னா "மதநல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டான மண்"னு ஒரு கட்டுரை. தேர் வர்றப்போ ஜமாத்துக்காரங்க நீர்மோர் கொடுக்கற மாதிரி ஒரு போட்டோ கண்டிப்பா இருக்கும். நீர்மோர் நல்ல விஷயம்தான், நானும் வாங்கிக் குடிக்கிறவன்தான். ஆனா அந்தக் கட்டுரைகள்ல ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேக்கறதே இல்லை. அதைக் கேக்கத்தான் இந்தப் பதிவு.

முதல்ல இங்க யாரெல்லாம் இருக்கோம்னு பாத்துடலாம்.

வெள்ளாத்துக்குத் தென்கரையில லெப்பைக்குடிக்காடு. ஆத்தைத் தாண்டினா திட்டக்குடி, அது கடலூர் மாவட்டம். லெப்பைக்குடிக்காடு பேரூராட்சியில பெரும்பான்மை முஸ்லிம்கள். வளைகுடா நாட்டுல ஆள் இருக்கற வீடு எக்கச்சக்கம். இந்தப் பக்கம் ஆண்டிமடம் தாண்டி வரதராஜன்பேட்டை. பேரு பெருமாள் பேரு, ஊரு கிறிஸ்தவ ஊரு! நடுவுல அலங்கார அன்னை கோயில், சுத்தி முந்திரிக்காடு. எறையூர்லயும் மலையப்ப நகர்லயும் நரிக்குறவர் குடியிருப்புகள் இருக்கு. அவங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்க நாடாளுமன்றத்துக்கு 2022 டிசம்பர் வரைக்கும் ஆச்சு. பச்சைமலை மேல மலையாளிப் பழங்குடிகள். (கேரளாக்காரங்க இல்லை, மலையை ஆளுறவங்க. இந்தக் குழப்பம் ஒவ்வொரு தடவையும் வரும்.) சிமெண்ட் ஆலைப் பக்கம் போனா டீக்கடையில இந்தி கேக்கும். 2011 கணக்கெடுப்புப்படி பெரம்பலூர் மாவட்டத்துல மொத்தம் 5 லட்சத்து 65 ஆயிரம் பேர், அதுல நூத்துக்கு 31 பேர் பட்டியல் சாதி மக்கள். தமிழ்நாட்டோட சராசரி 20தான்.

ஆக, கலந்து இருக்கோம்ங்கறதுல சந்தேகமே இல்லை. கலந்து நடக்கிறோமாங்கறதுதான் எனக்குள்ள கேள்வி.

எங்க பக்கத்து நல்லிணக்கக் கதைகள்லயே பெரிய கதை ஏலாக்குறிச்சி. இத்தாலியில பிறந்த கான்ஸ்டண்டைன் பெஸ்கி, நம்ம வீரமாமுனிவர், பல வருஷம் இருந்து வேலை பாத்த இடம். அதுக்குத் திருக்காவலூர்னு பேர் வெச்சதும் அவர்தான். திருக்காவலூர்க் கலம்பகம் இந்த ஊர் மாதா மேல பாடினதுதான். ஊர்ல சொல்ற கதை என்னன்னா, அரியலூரை ஆண்ட மழவராயருக்கு ராஜபிளவை வந்து எந்த வைத்தியத்துக்கும் கேக்கலை. முனிவர் மூலிகையும் மண்ணும் வெச்சுக் கட்டிக் குணப்படுத்தினார். மன்னர் மனசு குளிர்ந்து கோயிலுக்கு நிலம் கொடுத்தார். இன்னைக்கும் அடைக்கல மாதா கோயிலுக்கு எல்லா மதத்துக்காரங்களும் போறாங்க. எங்க வீட்டுலயே வேண்டிக்கிட்டு மெழுகுவத்தி ஏத்தினவங்க உண்டு.

எனக்கும் பிடிச்ச கதைதான். ஆனா இதுல யார் யாருக்கு என்ன கொடுக்கறாங்கன்னு பாருங்க. மேல இருக்கற ஒருத்தர் இரங்கி நிலம் கொடுக்கறார், வந்தவர் வாங்கிக்கறார். நிலம் கொடுக்க ஒரு ராஜா மனசு வெச்சா போதும். தெருவுல வழி விடறதுக்கு ஊரே மனசு வைக்கணும். அங்கதான் நம்ம வண்டி குடை சாயுது.

குடை சாஞ்ச இடம் ஒண்ணு, வேப்பந்தட்டை வட்டத்துல இருக்கற வி.களத்தூர். முஸ்லிம்கள் அதிகமா வாழற ஊர், இந்துக்களும் கணிசமா இருக்காங்க. கோயில் திருவிழா மூணு நாள் நடக்கும், சாமி ஊர்வலம் தெருத்தெருவா போகும். 2011 வரைக்கும் அப்படித்தான் போச்சுன்னு வழக்குல சொல்லப்பட்டது. 2012லேர்ந்து, எங்க தெரு வழியா வரக்கூடாதுன்னு ஆட்சேபணை. அப்புறம் போலீஸ், நிபந்தனை, மனு, மேல்மனு. கடைசியில சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போய், 2021ல நீதிபதிகள் கிருபாகரன், வேல்முருகன் அமர்வு தீர்ப்பு சொன்னாங்க. ஒரு மதத்துக்காரங்க அதிகமா இருக்காங்கங்கறதுக்காக இன்னொரு மதத்தோட ஊர்வலத்தைத் தடுக்க முடியாது. இதே வாதத்தை நாடு முழுக்கப் பெரும்பான்மையா இருக்கறவங்க பேச ஆரம்பிச்சா சிறுபான்மையினர் எங்கயும் எதுவும் நடத்த முடியாது அப்படிங்கறதுதான் தீர்ப்போட சாரம்.

தீர்ப்பு வந்ததும் எனக்கு வந்த மெசேஜ்கள் ரெண்டே வகை. ஒரு கூட்டம் "பாத்தியா, அவனுங்க எப்படின்னு"ன்னு கொண்டாடிச்சு. இன்னொரு கூட்டம், அதாவது நல்லிணக்கக் கட்டுரை எழுதற என் நண்பர்கள், கம்முனு இருந்துட்டாங்க. எதையாவது சொன்னா எதிர்த்தரப்புக்கு அவல் கொடுத்த மாதிரி ஆயிடும்னு பயம். ரெண்டுமே எனக்குப் பிடிக்கலை. கம்முனு இருந்ததுதான் அதிகமா உறுத்திச்சு.

தெருவை மூடினது தப்பு. அதைச் சொல்றதுக்கு எதுக்கு ஏழு தடவை தொண்டையைச் செருமணும்? அதே மூச்சுல இன்னொண்ணும் சொல்லணும். எல்லா ஊர்வலமும் ஒண்ணு இல்லை. ஊர்ச்சாமி வழக்கமா போற வழியில போறது வேற. வம்புக்குன்னே மசூதி வாசல் வழியாத்தான் போவேன்னு புதுசா கிளம்பறது வேற. 1990கள்ல திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் மசூதிப் பக்கம் விநாயகர் ஊர்வலத்தை வெச்சு நடந்த கலாட்டா சென்னைக்காரங்களுக்கு மறந்திருக்காது. தொழுகை நேரத்துல மேளத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திட்டுப் போறது பல ஊர்ல யாரும் உத்தரவு போடாமலே நடக்குது. "நிறுத்திட்டுப் போ"ங்கறது பேச்சுவார்த்தை. "போகவே கூடாது"ங்கறது பூட்டு.

இப்போ அந்தத் தீர்ப்பை ஃபார்வர்ட் பண்ணிக் கொண்டாடின நண்பர்கள் கிட்ட ஒரு வார்த்தை. நீதிமன்றம் அதுல எந்தச் சட்டத்தைக் காட்டிச்சு தெரியுமா? 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம், 180-ஏ பிரிவு. தெருவும் ரோடும் மதம், சாதி பாக்காம எல்லாருக்கும் திறந்திருக்கணும்ங்கறது அதோட பொருள். மதம் மட்டும் இல்லைங்க, சாதியும் சேர்த்துத்தான்.

தெரு எல்லாருக்கும் பொதுங்கற கோரிக்கையே இந்த நாட்டுல தேர்ப்பாதை பிரச்சினையிலேர்ந்து வந்தது இல்லை. 1924ல வைக்கத்துல கோயிலைச் சுத்தி இருக்கற தெருவுல நடக்கறதுக்காகத்தான் போராட்டம் நடந்துச்சு, பெரியார் ஜெயிலுக்குப் போனார். அதே 1924ல சென்னை சட்டசபையில இரட்டைமலை சீனிவாசன், பொதுத்தெரு, பொதுக்கிணறு எல்லாத்தையும் ஒடுக்கப்பட்ட மக்கள் தடையில்லாம பயன்படுத்தலாம்னு தீர்மானம் கொண்டு வந்தார். அடுத்த வருஷம் அது அரசிதழ்ல வந்துச்சு. நூறு வருஷம் ஆச்சு. இப்போ சொல்லுங்க, உங்க ஊர்த் தேர் காலனிக்குள்ள போகுதா? காலனிக்காரர் வடம் பிடிக்கிறாரா? சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில இந்த வடம் பிடிக்கிற பிரச்சினையிலதான் தேர் வருஷக்கணக்கா நின்னுச்சு. 2024 ஜூன்ல ஏகப்பட்ட போலீஸைக் குவிச்சுத்தான் ஓட்ட முடிஞ்சுது. வி.களத்தூர் தீர்ப்புக்குக் கைதட்டினவங்கள்ல எத்தனை பேர் கண்டதேவிக்குக் கைதட்டினாங்க?

கிறிஸ்தவ ஊர்ல மட்டும் என்ன வாழுதாம்? உளுந்தூர்பேட்டை பக்கம் இன்னொரு எறையூர் இருக்கு (எங்க எறையூர் இல்லை, ஆட்டோக்காரர் கிட்ட தெளிவா சொல்லணும்). ரெண்டு தரப்பும் கத்தோலிக்கர்கள்தான், கோயிலும் ஒண்ணுதான். ஆனா தலித் கிறிஸ்தவர்களோட சாவு பொதுத்தெரு வழியா போக முடியாது. அதைக் கேட்டு எழுந்த பிரச்சினை பெருசாகி 2008 மார்ச்ல கலவரம், போலீஸ் துப்பாக்கிச்சூடு, ரெண்டு உயிர் போச்சு. ஒரே மாதாவைக் கும்பிடறவங்களுக்குள்ள, கல்லறைக்குப் போற வழிக்காக!

நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். பெரும்பான்மை, சிறுபான்மைன்னு நாம டெல்லிக் கணக்குல பேசறோம். ஆனா ஒவ்வொரு கூட்டமும் ஏதோ ஒரு தெருவுல பெரும்பான்மை. நாட்டுக்கணக்குல பயந்து வாழறவர், தன் தெருவுக்கு வந்ததும் கேட்டைச் சாத்தறார். பக்கத்து ஊர்ல தனக்கு வழி விடலைன்னு கோர்ட்டுக்குப் போறவர், தன் ஊர்ல காலனிக்காரருக்கு வழி விடறதில்லை. இதுல யாருக்கும் தனிச் சலுகை தர நான் தயாரா இல்லை, என் சொந்தக்காரங்களுக்கும் சேர்த்துத்தான். (இதைப் படிச்சா சித்தப்பா பொங்கலுக்குக் கூப்பிட மாட்டார். பரவாயில்லை.)

"சும்மா இருக்கற ஊர்ல எதுக்குப்பா இதையெல்லாம் கிளப்பறே?"ன்னு கேப்பாங்க. சும்மா இருக்கற ஊர்ங்கறது பல நேரம், யார் எந்தத் தெருவுல போகக்கூடாதுன்னு எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்ச ஊர். சண்டை இல்லைங்கறதுக்காக அதுக்கு நல்லிணக்கம்னு பேர் வெச்சுட முடியுமா?

கலவையா இருக்கற ஊர் இனிமே கூடத்தான் செய்யும். நாரணமங்கலத்துல டயர் ஆலை, எறையூர் சிப்காட்டுல 2023லேர்ந்து செருப்பு ஆலை. எங்க பக்கத்துப் பொண்ணுங்க நிறைய பேர் முதல் தடவையா மாசச் சம்பளம் வாங்கறாங்க. கம்பெனி வேன்ல யாருக்குப் பக்கத்துல யார் உக்காரறதுன்னு பாக்க நேரம் இல்லை, ஷிஃப்டுக்கு லேட்டாயிடும். ஆனா வேன் ஊர் முக்குல இறக்கி விட்டதும் ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சு போறதைப் பாக்கறேன். இவ மேலத்தெரு, அவ காலனி, இன்னொருத்தி பள்ளிவாசல் தெரு.

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ நீர்மோர் போட்டோவோட நிறுத்திக்காதீங்க. தேர் எந்தெந்தத் தெருவுல போகுது, எங்க திரும்பிடுது, சந்தனக்கூடு எந்த வழி, சாவு எந்த வழி, யார் சாவுக்கு எந்த வழின்னு விசாரிச்சு எழுதுங்க. கிராமசபை சமயத்துல ஊர்ல இருந்தீங்கன்னா அங்கயே எழுந்து கேளுங்க. பஞ்சாயத்துத் தெருவுக்கு யார் பூட்டு போட்டதுன்னு தலைவர் பதில் சொல்லட்டும். திருச்சிக்குத் தெக்க இருக்கறவங்க உங்க ஊர் நிலவரத்தையும் எழுதுங்க, படிக்கக் காத்திருக்கேன்.

டிஸ்கி: ஏலாக்குறிச்சி போக நினைக்கிறவங்க அரியலூர் – தஞ்சாவூர் ரோட்டுல திருமானூர் வந்து பிரியணும். அப்படியே பக்கத்துல திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயிலையும் பாத்துட்டு வாங்க. வெயில் காலத்துல தண்ணி பாட்டில் அவசியம்.